குவானாவின் மூன்று தண்டவாளங்கள்: ஜப்பான் ரயில்வேயின் அகலக் கணக்கு

நகோயாவிலிருந்து மேற்கே அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் குவானா, மியே மாகாணத்தில் கடலை ஒட்டிய ஒரு பழைய ஊர். சுட்ட சிப்பிக்குப் பேர்போன ஊர் என்றாலும், கழுத்தில் கேமராவோடு வந்து இறங்குகிறவர்களில் பலர் சிப்பிக் கடையைத் தேடிப் போவதில்லை. நிலையத்திலிருந்து தெற்கே தண்டவாளங்களை ஒட்டியே நடந்து, ஒரு சிறிய தெருவின் முனையில் போய் நின்றுவிடுகிறார்கள். அந்தத் தெரு அடுத்தடுத்து மூன்று லெவல் கிராசிங்குகளைக் கடக்கிறது. முதலாவது சாங்கி ரயில்வேயின் ஹொகுசெய் பாதை. அதன் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 762 மில்லிமீட்டர்தான். அடுத்தது ஜேஆர் நிறுவனத்தின் கன்சாய் பாதை, 1067 மில்லிமீட்டர். மூன்றாவது கின்டெட்சு நிறுவனத்தின் நகோயா பாதை, 1435 மில்லிமீட்டர். முதல் பாதையை ஒரே எட்டில் தாண்டிவிடலாம். மூன்றாவதைத் தாண்ட இரண்டு எட்டு வேண்டும்.

சற்று நேரம் நின்றால் மூன்றின் குணமும் பிடிபட்டுவிடும். ஹொகுசெய் பாதையில் மஞ்சள் நிறச் சிறிய வண்டி ஒன்று, ஆடி அசைந்து, அவசரமே இல்லாமல் போகும். அதன் உள்ளே எதிரெதிர் நீள இருக்கைகளில் உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கால்களுக்கு நடுவே ஓர் ஆள் நடந்து போகத்தான் இடமிருக்கும். நடுப்பாதையில் யொக்கைச்சியின் எண்ணெய்த் தொழிற்பகுதியிலிருந்து டாங்கர் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு டீசல் என்ஜின் வரும். அது கடந்து முடிவதற்குள் மூன்றாவது பாதையின் மணி அடிக்கத் தொடங்கி, நகோயாவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடும் ஹினோதோரி என்ற அடர்சிவப்பு விரைவு வண்டி வந்த வேகத்தில் மறைந்துவிடும்.

ஜப்பான் ரயில் என்றால் வெளியார் கண்ணுக்கு முதலில் தெரிவது நேரந்தவறாமையும் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலின் வேகமும்தான். தண்டவாளத்தைக் குனிந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதற்கு முன்பே வேறொன்று தெரியும். அந்த நாட்டில் ஒரே ரயில்வே இல்லை. அகலத்தால் பிரிந்த பல ரயில்வேகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. இந்தப் பிரிவினையை ஒரு வரலாற்றுப் பிழை என்று எழுதுவதுதான் வழக்கம். பிழைதான் என்றாலும், ஷின்கான்சென் இன்றுள்ள வடிவில் பிறந்ததற்கு அந்தப் பிழையே காரணம் என்பது என் எண்ணம். குவானாவில் நின்று தொடங்கினால் அதை விளக்குவது எளிது.

762 மில்லிமீட்டர் என்பது இரண்டரை அடி. நம் நாட்டில் கல்கா–சிம்லா மலைப்பாதையின் அகலமும் இதுவே. 1910-இல் ஜப்பான் அரசு இலகு ரயில்வேச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, சிறிய நிறுவனங்கள் குறைந்த செலவில், தளர்ந்த விதிகளோடு பாதை போட வழிவிட்டது. அந்த அலையில் எழுந்தவற்றில் ஒன்றுதான் 1914-இல் திறக்கப்பட்ட ஹொகுசெய் பாதை. அத்தகைய பாதைகளில் பெரும்பாலானவை பேருந்தும் காரும் வந்ததும் மறைந்துவிட்டன. இன்று இந்த அகலத்தில் பயணிகள் வண்டி ஓடுவது இங்கும், யொக்கைச்சியிலும், குரோபே பள்ளத்தாக்கிலும் மட்டுமே. ஹொகுசெய் பாதையும் கைவிடப்படும் நிலைக்கு வந்து, 2003-இல் கின்டெட்சுவிடமிருந்து சாங்கி ரயில்வேயின் கைக்கு மாறிப் பிழைத்தது.

கின்டெட்சுவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குப் பின்னால் ஒரு புயல் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் ஒசாகா பக்கப் பாதைகள் தொடக்கத்திலிருந்தே 1435. நகோயா பக்கப் பாதையோ வேறு சிறிய நிறுவனங்கள் போட்டதால் 1067. ஒசாகாவிலிருந்து நகோயா போகிறவர்கள் இசெ-நகாகவா நிலையத்தில் மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு வண்டி ஏற வேண்டியிருந்தது. பாதையை அகலப்படுத்தும் வேலையை 1960-இல் முடிப்பதாகத் திட்டம். 1959 செப்டம்பர் 26-ஆம் தேதி இரவு இசெ வளைகுடாப் புயல் கரையேறி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நகோயா பாதையும் நீரில் மூழ்கிச் சேதமடைந்தது. எப்படியும் பாதையைத் தூக்கி நிறுத்தியாக வேண்டும் என்ற நிலையில், அப்போதைய தலைவர் சயெகி இசாமு, பழைய அகலத்துக்குச் சீர்செய்துவிட்டு மறு ஆண்டு மீண்டும் பிரிப்பானேன், இப்போதே அகலப்படுத்திவிடலாம் என்று முடிவெடுத்தார். நவம்பர் 19-இல் தொடங்கி, பகுதி பகுதியாக, ஒன்பது நாளில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பாதையின் தண்டவாளங்களை நகர்த்தி முடித்தார்கள். டிசம்பர் 12-இல் ஒசாகாவுக்கும் நகோயாவுக்கும் இடையே நேரடி விரைவு வண்டி ஓடத் தொடங்கியது.

செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை அகலப்பாதையாக மாறுவதற்காக 2010-இல் மூடப்பட்டு 2018-இல்தான் முழுமையாகத் திறந்தது என்பதை நினைவில் வைத்திருக்கிற நமக்கு, ஒன்பது நாள் என்ற கணக்கு நம்ப முடியாததாகத் தோன்றலாம். இரண்டும் ஒரே மாதிரி வேலை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலைப்பாதையில் பாலங்களையும் குகைகளையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. கின்டெட்சுவில் முக்கியமான ஆற்றுப் பாலங்கள் புதிய அகலத்தை மனத்தில் வைத்து முன்கூட்டியே கட்டப்பட்டுவந்தன. ஒன்பது நாளில் முடிந்தது தண்டவாளத்தை நகர்த்தும் வேலைதான்; ஆயத்தம் ஆண்டுக்கணக்கில் நடந்தது.

இனி நடுப்பாதைக்கு வரலாம். 1067 மில்லிமீட்டர் என்பது மூன்றரை அடி. ஜப்பானின் முதல் ரயில் 1872 அக்டோபர் 14-இல் தோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகொஹாமாவுக்கும் இடையே, ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தூரத்துக்கு, இந்த அகலத்தில்தான் தொடங்கியது. பிரிட்டனிலிருந்து வந்த தலைமைப் பொறியாளர் எட்மண்ட் மொரெல் திறப்பு விழாவைப் பார்க்காமலே 1871-இல் இறந்துபோனார். பாதையின் அகலத்தை ஏற்றுக்கொண்ட அரசுத் தரப்பில் முக்கியமானவர் ஓகுமா ஷிகெனோபு. அதைத் தன் வாழ்நாள் தவறு என்று பின்னாளில் அவரே வருந்தியதாகச் சொல்வார்கள். ஆனால் 1870-இன் நிலையை வைத்துப் பார்த்தால் அந்த முடிவில் பெரிய குற்றம் காண முடியாது. கஜானா காலி, நிலமோ மலையும் ஆறும் வயலுமாக நெருக்கியடித்தது. குறுகிய பாதை என்றால் வளைவுகளை இறுக்கமாகப் போடலாம், குகைகளைச் சிறிதாகக் குடையலாம், இருக்கிற பணத்தில் கூடுதலான தூரம் போகலாம். நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தும் அதே காலத்தில் அதே அகலத்தைத்தான் எடுத்துக்கொண்டன.

உண்மையான தவறு நடந்ததென்றால் அது ஐம்பது ஆண்டு கழித்துத்தான் நடந்தது. அரசு ரயில்வேயை நடத்திய கோதோ ஷின்பெய், நாடு முழுவதையும் 1435-க்கு மாற்ற வேண்டும் என்று வாதாடினார். அவருக்குத் தோள்கொடுத்த பொறியாளர் ஷிமா யசுஜிரோ 1917-இல் யோகொஹாமா பாதையின் ஒரு பகுதியில் கூடுதல் தண்டவாளம் போட்டு, மாற்றியமைத்த என்ஜினை ஓட்டிக் காட்டி, மாற்றம் சாத்தியமே என்று நிறுவினார். எதிர்த்தரப்பில் இருந்தவர் ஹாரா தகாஷி. இருக்கிற பாதையை அகலப்படுத்தும் பணத்தில் ரயிலே பார்க்காத ஊர்களுக்குப் புதிய பாதை போடலாம் என்பது அவருடைய கட்சியின் நிலை. ஊருக்கு ரயில் என்றால் ஓட்டும் வரும் என்ற கணக்கும் அதில் இருந்தது. 1918-இல் ஹாரா பிரதமரானார். மறு ஆண்டு அகலப்படுத்தும் திட்டம் கைவிடப்பட்டது. ஷிமா பதவி விலகினார்.

அதன் பிறகு ஜப்பானியப் பொறியாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. மூன்றரை அடியை வைத்துக்கொண்டே வேகத்தைத் தேடினார்கள். குறுகிய தண்டவாளத்தில், சக்கரங்களுக்கு நடுவே பெரிய மோட்டாருக்கு இடமில்லை. ஆற்று வண்டல் படிந்த மென்மையான தரையும், இலகுவாகக் கட்டப்பட்ட பாலங்களும் கனமான என்ஜினைத் தாங்கா. ஆகவே ஒரு பெரிய என்ஜின் முன்னால் நின்று இழுப்பதற்குப் பதிலாக, சிறு சிறு மோட்டார்களைப் பல பெட்டிகளின் அடியில் பரப்பிவிடும் முறையை வளர்த்தெடுத்தார்கள். நம் சென்னைப் புறநகர் மின்சார ரயில் ஓடும் விதமும் இதுதான். வேறு நாடுகள் இதைப் புறநகர்களுக்கு மட்டும் போதுமானதாக வைத்திருந்த காலத்தில், ஜப்பான் 1950-இல் ஷொனான் வண்டியாகவும், 1958-இல் தோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு 6 மணி 50 நிமிடத்தில் போன கொதாமாவாகவும் நெடுந்தூரத்துக்கே கொண்டுபோனது.

இந்த முயற்சியில் ஈடுபட்டவர்களில் சிலர் போருக்குமுன் விமானம் செய்தவர்கள். போர் முடிந்ததும் வேலையிழந்த விமானப் பொறியாளர்களை ரயில்வே ஆய்வகம் சேர்த்துக்கொண்டது. கடற்படை விமானங்களை வடிவமைத்த மிகி ததானவோ, ஓதாக்யூ என்ற தனியார் நிறுவனத்துக்காக எடை குறைந்த, காற்றைக் கிழிக்கும் முகமுள்ள ஒரு வண்டியை உருவாக்க உதவினார். 1957 செப்டம்பரில் அந்த வண்டி மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. குறுகிய பாதையில் அன்று அது உலகச் சாதனை. அதே ஆண்டு மே மாதத்தில் தோக்கியோவின் கின்சாவில் ஆய்வகத்தார் ஒரு பொதுக்கூட்டம் நடத்தி, 1435 மில்லிமீட்டரில் புதிய பாதை போட்டால் தோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு மூன்று மணி நேரத்தில் போகலாம் என்று விளக்கினார்கள். விமானத்தின் இறக்கை நடுக்கத்தை ஆராய்ந்திருந்த மத்சுதைரா ததாஷி, வேகத்தில் ரயில் பாம்புபோல் நெளிவதையும் அதே கண்ணால் பார்த்து, அது தண்டவாளக் கோளாறு மட்டுமல்ல, சக்கரத் தொகுதியே தானாக எழுப்பும் அதிர்வு என்று விளக்கியிருந்தார்.

ரயில்வேயின் தலைவர் பதவிக்கு 1955-இல், எழுபது வயதைக் கடந்த நிலையில் வந்தவர் சோகோ ஷின்ஜி. அவர் கோதோவின் பழைய சீடர். விலகிப்போயிருந்த ஒரு பொறியாளரை அவர் வற்புறுத்தித் திரும்ப அழைத்துவந்தார். அந்தப் பொறியாளர் ஷிமா ஹிதேயோ, 1919-இல் தோற்றுப்போன ஷிமா யசுஜிரோவின் மகன். இருவரும் சேர்ந்து, அந்தப் புதிய 1435 பாதையின், அதாவது ஷின்கான்செனின், செலவை வேண்டுமென்றே குறைத்துக் காட்டி நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றார்கள். 1961-இல் உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கியதற்குப் பணம் மட்டும் காரணமல்ல; பன்னாட்டுக் கடன் வாங்கிவிட்டால் பின்னால் வரும் எந்த அரசும் திட்டத்தை நிறுத்த முடியாது என்பதும் ஒரு காரணம். செலவு இரண்டு மடங்கை நெருங்கியபோது, 1963-இல் இருவரும் பதவியை இழந்தார்கள். 1964 அக்டோபர் 1-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு ஹிகாரி என்ற முதல் வண்டி தோக்கியோவிலிருந்து புறப்பட்ட விழாவுக்கு இருவருக்கும் அழைப்பில்லை. ஷிமா அதை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தார். தோக்கியோ நிலையத்தின் 18, 19-ஆம் எண் நடைமேடையின் தென்கோடியில் இன்று சோகோவின் முகம் பொறித்த ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஒரு பூ மலர்ந்தால் உலகெங்கும் வசந்தம் என்ற பொருளில் அவர் கையெழுத்தும் அதில் உண்டு. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடும் கூட்டத்தில் அதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

1917-இல் கோதோ வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பது பயனுள்ளது. பழைய பாதைகளே 1435 ஆகியிருக்கும். விரைவு வண்டிக்குத் தனிப்பாதை போட்டாலும், பிரான்ஸின் அதிவேக ரயிலான டிஜிவி போல ஊருக்குள் நுழையும்போது பழைய பாதையிலேயே நுழைந்து, சரக்கு ரயிலோடும் லெவல் கிராசிங்கோடும் இடத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கும். அகலம் பொருந்தாததால் ஷின்கான்சென் வேறு எதனோடும் கலக்க முடியாத பாதையாக, ஒரு லெவல் கிராசிங்கும் இல்லாமல், ஒரே வகை வண்டி மட்டும் ஓடும் பாதையாகப் பிறந்தது. நூற்றுக்கணக்கான வண்டிகளை அடுத்தடுத்து விட முடிவதும், 1964 முதல் இன்றுவரை மோதலாலோ தடம்புரள்வாலோ ஒரு பயணிகூட உயிரிழக்காததும் அந்தத் தனிமையின் பயன்கள். அதன் வண்டிகளில் ஏறத்தாழ எல்லா அச்சுகளுக்கும் மோட்டார் பொருத்திய முறையோ, குறுகிய பாதையில் கற்றுக்கொண்ட பாடம்.

இதற்கான விலையை ஷின்கான்சென் நேராகப் போகாத ஊர்கள் கொடுக்கின்றன. தோக்கியோவிலிருந்து யமாகதாவுக்கு வண்டி மாறாமல் போக வழிசெய்ய, 1992-இல் ஃபுகுஷிமாவுக்கு அப்பால் இருந்த பழைய மலைப்பாதையின் தண்டவாளங்களை 1435-க்கு அகலப்படுத்தினார்கள். குகைகளையும் நடைமேடைகளையும் தொடவில்லை. ஆகவே அங்கே ஓடும் சுபாசா என்ற வண்டி, உடல் குறுகிய ஷின்கான்சென். பெரிய நிலையங்களில் நடைமேடைக்கும் கதவுக்கும் நடுவே விழும் இடைவெளியை அடைக்க, கதவடியிலிருந்து ஒரு படித்தட்டு வெளியே மடிந்து வரும். ஃபுகுஷிமாவில், யமாபிகோ என்ற அகல உடல் வண்டியோடு அது இணைவதைப் பார்க்க நடைமேடையின் முனையில் எப்போதும் சிலர் காத்திருப்பார்கள். மூக்கு மூடி திறந்து, கொக்கி வெளியே நீண்டு, சில அடி தூரத்தில் ஒருமுறை நின்று, பின் நடக்கும் வேகத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அதே தண்டவாளத்தில் உள்ளூர் வண்டியில் ஏறி இதாயா கணவாயைக் கடந்தால் கதை இன்னும் துலங்கும். ஆயிரத்துக்கு 38 வரை ஏறும் அந்தச் சரிவில் 1990 வரை வண்டிகள் முன்னும் பின்னுமாக நகர்ந்துதான் நிலையங்களுக்குள் நுழைய முடிந்தது. தோகெ நிலையத்தில் நடைமேடை முழுவதும் ஒரு பெரிய பனிக்கொட்டகைக்குள் இருக்கிறது. பழைய பாதை பிரியும் இடத்தைப் பனியிலிருந்து காக்கக் கட்டியது அது. நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகளே நிற்கும் அந்த இருட்டுக் கொட்டகையில், கழுத்தில் மாட்டிய வாரில் மரத்தட்டைச் சுமந்தபடி ஒருவர் நின்று, “சிகாரா மோச்சி” என்று நீட்டிக் குரல் கொடுக்கிறார். உள்ளே பயறுப் பூரணம் வைத்த அரிசி மாவு உருண்டை அது. 1901 முதல் அங்கே விற்கிறார்கள். வண்டி நிற்பது அரை நிமிடம்தான். சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கதவருகே நிற்காதவர்களுக்குக் கிடைக்காது. நாம் வாங்கித் திரும்புவதற்குள் சுபாசா ஒன்று அதே கொட்டகைக்குள் நிற்காமல் ஊடுருவிப் போகும்.

அகலப்படுத்திய அந்தப் பாதை ஷின்ஜோவில் முடிகிறது. அங்கிருந்து வடக்கே மறுபடியும் 1067. ஒரு காலத்தில் ஃபுகுஷிமாவிலிருந்து அயோமோரிவரை ஒரே பாதையாக இருந்தது, ஷின்ஜோ நிலையத்தில் தெற்கிலிருந்து வரும் தண்டவாளமும் வடக்கிலிருந்து வரும் தண்டவாளமும் எதிரெதிரே முட்டித் தடுப்புக்கட்டையில் நிற்கும்படி இரண்டாக அறுந்துவிட்டது. படி ஏறி இறங்காமல் சமதளத்தில் நடந்து வண்டி மாறலாம் என்பது பயணிக்கு ஒரு வசதி. ஆனால் ஊர் விட்டு ஊர் போகும் சரக்கு ரயிலுக்கும் இரவு வண்டிக்கும் அந்த வழி மூடிப்போனது.

வடக்கே செய்கான் குகையில் இதற்கு நேர்மாறான தீர்வு. 53.85 கிலோமீட்டர் நீளத்தில் கடலுக்கடியில் ஹொக்கைதோவுக்குப் போகும் அந்தக் குகை 1988-இல் குறுகிய பாதையோடு திறந்தது. 2016 முதல் ஷின்கான்செனும் அதில் ஓடுகிறது. குகையும் அதன் இருபுற அணுகுபாதையுமாக ஏறத்தாழ 82 கிலோமீட்டருக்கு மூன்று தண்டவாளங்கள்: ஒன்று பொது, மற்ற இரண்டில் ஒன்று சரக்கு ரயிலுக்கு, இன்னொன்று ஷின்கான்செனுக்கு. ஹொக்கைதோவின் உருளைக்கிழங்கும் வெங்காயமும் தெற்கே வருவது அந்தச் சரக்கு ரயில்களில்தான். எதிரே வரும் ஷின்கான்சென் முழு வேகத்தில் கடந்தால், அது தள்ளும் காற்றில் சரக்கு ரயிலின் கன்டெய்னர்களுக்கு ஆபத்து நேரலாம் என்ற அச்சத்தால், மணிக்கு 260 கிலோமீட்டர் போகக்கூடிய வண்டியை அங்கே முதலில் 140-க்கும், 2019 முதல் 160-க்கும் கட்டிப்போட்டார்கள். சரக்கு குறைவாக இருக்கும் சில விடுமுறை நாட்களில் மட்டும் அதைவிட வேகமாக விடுகிறார்கள். ஷின்கான்செனைப் பாதுகாத்த தனிமை இல்லாமல் போகும் இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சக்கரங்களின் இடைவெளியை ஓடும்போதே மாற்றிக்கொள்ளும் வண்டியைச் செய்துவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் தீரும் என்று இருபது ஆண்டுக்கும் மேலாக முயன்றார்கள். ஸ்பெயினில் அப்படிப்பட்ட வண்டிகள் பல காலமாக ஓடுகின்றன. ஆனால் ஜப்பானில் மோட்டார், பிரேக், கியர் எல்லாவற்றையும் 1067-இன் நெருக்கத்துக்குள் அடக்கி, நகரும் சக்கரத்தையும் வைத்து, ஷின்கான்சென் வேகத்திலும் ஓட்ட வேண்டியிருந்தது. 2014-இல் தொடங்கிய நெடுந்தூரச் சோதனையில் அச்சு தேய்ந்திருப்பது தெரிந்து ஓட்டம் நின்றது. திருத்தியபின்னும் தேய்மானம் முழுதாகப் போகவில்லை. பராமரிப்புச் செலவும் சாதாரண வண்டியைவிட மிக அதிகம் என்று கணக்கு வந்தபின், 2018-இல் அந்த வண்டியை நாகசாகிப் பாதைக்குக் கொண்டுவரும் எண்ணம் கைவிடப்பட்டது.

நாகசாகிக்குப் போகும் ஷின்கான்சென் அதனால்தான் 2022 செப்டம்பர் 23-இல் பாதிப் பாதையாகத் திறந்தது: தகேயோ-ஒன்செனிலிருந்து நாகசாகிவரை 66 கிலோமீட்டர், மற்ற எந்த ஷின்கான்செனோடும் தொடர்பில்லாமல். நடுவே கிடக்கும் சாகா மாகாணத்துக்கு, ஃபுகுவோகா நகரின் பெரிய நிலையமான ஹகாதா ஏற்கெனவே பக்கம்; பெரும் செலவில் பங்கேற்று முழுப் பாதை போடுவதில் அதற்கு ஆர்வமில்லை. ஆகவே ஹகாதாவிலிருந்து குறுகிய பாதையில் வரும் ரிலே கமோமெ என்ற வண்டி, தகேயோ-ஒன்சென் நடைமேடையின் ஒரு பக்கத்தில் வந்து நிற்கிறது. மறுபக்கத்தில் வெள்ளையும் சிவப்புமான கமோமெ கதவைத் திறந்து காத்திருக்கிறது. மாறுவதற்கு மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், வணிகர்கள், மூட்டையோடு வரும் பாட்டிகள் எல்லாரும் ஒரே சமயத்தில் இறங்கி, நடைமேடையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கம் ஏறிவிடுகிறார்கள். சற்று நேரத்தில் நடைமேடை காலியாகி, இரண்டு பக்கமும் தண்டவாளம் மட்டும் தெரிகிறது, ஒன்று மற்றதைவிட 368 மில்லிமீட்டர் அகலமாக.